மெதுவாகப் போகிற ரயில்தான் மலிவு

ஐரோப்பாவைச் சிக்கனமாக ரயிலில் சுற்றுவது பற்றி வந்த கடிதங்களுக்கே இந்த இதழை ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். டிக்கெட் வாங்கும் நாளில் அந்தந்த நாட்டு ரயில்வேயின் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். வயது 24. செமஸ்டர் விடுமுறையில் மூன்று வாரம் ப்ராக், வியன்னா, வெனிஸ், ரோம், பாரிஸ் என்று சுற்றிவர ஆசை. கண்ணை மூடிக்கொண்டு யூரெயில் பாஸ் எடு என்கிறார்கள் நண்பர்கள். எடுக்கலாமா?

தம்பி, முதலில் உங்களுக்கு உரியது யூரெயில் இல்லை, இன்டர்ரெயில். இரண்டுமே ஒரே சீட்டில் பல நாட்டு ரயில்களில் ஏறவிடும் பாஸ்கள். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில்; உள்ளே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது கணக்கில்லை, எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஜெர்மனியின் வசிப்பிட அனுமதி அட்டை கையில் இருப்பதால் நீங்கள் இன்டர்ரெயில்காரர். யூரெயில் 1959-இலும் இன்டர்ரெயில் 1972-இலும் தொடங்கியவை. இரண்டும் இப்போது 33 நாடுகளில் செல்லும். 27 வயது வரை இளைஞர் சலுகையாக 25 சதவீதம் குறையும். இன்டர்ரெயிலில் ஒரு நிபந்தனை உண்டு: வசிக்கும் நாட்டுக்குள், அதைவிட்டு வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான்.

எடுக்கலாமா என்றால், உங்கள் திட்டத்துக்கு வேண்டாம் என்பேன். மூன்று வாரத்தில் ஐந்து ஊர், ஆறேழு ரயில். இத்தனை குறைவான பயணத்தைத் தேதி முடிவுசெய்து முன்கூட்டியே தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் பாஸைவிடக் குறைவாகவே முடியும். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஊர் மாறுகிறவர்கள், காலையில் எழுந்து மழை பெய்தால் திசையை மாற்றிக்கொள்கிறவர்கள், இவர்களுக்குத்தான் பாஸ் பலன் தரும்.

பாஸ் வாங்கியபிறகு பலருக்கு அதிர்ச்சி தருவது ரிசர்வேஷன் கட்டணம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் பெரும்பாலான ரயில்களில் பாஸைக் காட்டி ஏறி உட்காரலாம். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, ஸ்பெயினின் ஆவே ஆகிய வேக ரயில்களிலெல்லாம் பாஸ் இருந்தாலும் தனியாக இருக்கை பதிய வேண்டும். டிஜிவியில் 10 முதல் 20 யூரோ, ஃப்ரெச்சாரோஸாவில் 13 யூரோ, லண்டன் போகும் யூரோஸ்டாரில் 30 யூரோவுக்கு மேல். அதோடு, பாஸ்காரர்களுக்கென்று டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் ஒதுக்கும் இருக்கைகள் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் அவை சீக்கிரமே தீர்ந்துவிடும். இத்தாலியின் தனியார் ரயிலான இத்தாலோ பாஸை ஏற்பதே இல்லை.

உங்கள் வழியையே எடுத்துக்கொள்வோம். செமஸ்டர் கட்டணத்தோடு ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாணவர் டிக்கெட் உங்களுக்குக் கிடைத்திருக்கலாம். இல்லாவிட்டால் மாதாந்தர டாய்ச்லாந்து டிக்கெட் இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. வேக ரயிலில் செல்லாது. ஊர் ஊராக நின்று போகும் ரீஜனல் ரயில், புறநகர் ரயிலான எஸ்-பான், டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். ஒரு மாதத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். இந்த டிக்கெட்டில் டிரெஸ்டன் போய், அங்கிருந்து எல்பே ஆற்றங்கரையோடு பாட் ஷாண்டௌ வரை போய்விடலாம். எல்லையைத் தாண்டி ப்ராக் போவதற்கு மட்டும் செக் ரயில்வே டிக்கெட். ப்ராகிலிருந்து வியன்னா நாலு மணி நேரம். முன்கூட்டி வாங்கினால் மலிவு. வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு இரவு ரயில். வெனிஸிலிருந்து ரோமுக்கு இரண்டு நிறுவனங்கள் போட்டிபோட்டு ஓட்டுவதால் ஒரு மாதத்துக்கு முன்பே பார்த்தால் நல்ல விலை அமையும். ரோமிலிருந்து பாரிஸுக்கு நேர் ரயில் கிடையாது. மிலான் வந்து ஒரு இரவு தங்கி, காலையில் பாரிஸ் ரயிலைப் பிடியுங்கள். 2023 ஆகஸ்டில் நிலச்சரிவால் மூடப்பட்ட அந்தத் தடம் 2025 மார்ச் கடைசியில் திறந்துவிட்டது. சுமார் ஏழு மணி நேரம். ஆல்ப்ஸ் பக்கம் பகல் வெளிச்சத்தில் போகும்படி பாருங்கள்.

கேள்வி: நானும் என் மனைவியும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். மகள் வியன்னாவில் இருக்கிறாள். வெனிஸுக்கு இரவு ரயிலில் போனால் ஒரு நாள் ஹோட்டல் வாடகை மிச்சம் என்கிறாள். எங்கள் உடம்பு தாங்குமா?

தாங்கும் ஐயா, உட்காரும் இருக்கைக்கு மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள். விலை குறைவு என்று பலர் அதை எடுத்துவிட்டு, இரவு முழுக்க விளக்கு வெளிச்சத்தில் தலையைச் சாய்க்க இடமில்லாமல் வந்து, மறுநாள் பகலை ஹோட்டல் கட்டிலில் கழிக்கிறார்கள். மிச்சம் பிடித்த பணத்துக்கு ஒரு பகல் விலையாகப் போய்விடும்.

ஆஸ்திரிய ரயில்வேயின் இரவு ரயிலான நைட்ஜெட்டில் மூன்று வகை உண்டு. இருக்கை, குஷெட், ஸ்லீப்பர். குஷெட் என்பது நான்கோ ஆறோ படுக்கைகள் கொண்ட அறை. தலையணை, விரிப்பு, போர்வை தருவார்கள். காலையில் பன், வெண்ணெய், ஜாம், காபி அல்லது தேநீர் வரும். ஆறு பேர் அறையில் பெட்டி வைக்க இடம் போதாது. மேல் படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும். நீங்கள் நாலு பேர் அறையில் இரண்டு கீழ்ப் படுக்கைகளைக் கேட்டுப் பதியுங்கள். கூடுதலாகக் கொடுக்க முடியுமானால் இருவருக்கான ஸ்லீப்பர். அதில் அறைக்குள்ளேயே கைகழுவும் தொட்டி இருக்கும். கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளலாம். இறங்க வேண்டிய நிலையத்துக்கு முன்பே பணியாளர் வந்து எழுப்பிவிடுவார்.

காலையில் வெனிஸ் நெருங்கும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுங்கள். மெஸ்த்ரே நிலையம் தாண்டியதும் நிலம் முடிந்து, இரண்டு பக்கமும் தண்ணீர் வந்துவிடும். 1846-இல் கட்டிய பாலத்தின் மேல் ரயில் மெல்லப் போகும். மெஸ்த்ரேயில் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள், அது நிலப்பகுதியில் இருக்கிற நிலையம். கடைசி நிறுத்தமான சாந்தா லூசியாவில் இறங்கி வாசலுக்கு வந்தால் படிக்கட்டுக்குக் கீழேயே பெரிய கால்வாய்.

ஹோட்டல் வாடகை மிச்சம் என்பது பாதி உண்மைதான். காலை எட்டரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தால் அறை பிற்பகலில்தான் கிடைக்கும். ஹோட்டலிலேயே பெட்டியை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இரவு ரயிலின் மோசமான பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு முறை குஷெட் டிக்கெட்டோடு பிளாட்பாரத்தில் நிற்கிறேன், ரயில் வருகிறது, என் பெட்டியே இணைக்கப்படவில்லை. பழுதாம். இருக்கைப் பெட்டியில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார்கள். என் பக்கத்தில் ஒரு தாய், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தே வந்தாள். பெட்டி இல்லை என்று பரிசோதகரிடம் டிக்கெட்டின் மேலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். அந்த எழுத்தைக் காட்டித்தான் மாதக்கணக்கில் கடிதம் எழுதி வித்தியாசப் பணத்தைத் திரும்பப் பெற்றேன். பணம் வந்ததைவிட, அந்தத் தாய்க்கு இப்படி எழுதி வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்பதுதான் இன்னும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: எது நடந்தாலும் அந்த இடத்திலேயே எழுத்தில் வாங்குங்கள்.

பழைய கட்டுரைகளை நம்பி இரவு ரயிலைத் திட்டமிடவும் கூடாது. ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் இரவு ரயில்களைக் கைவிட, ஆஸ்திரியா அவற்றில் பலவற்றை எடுத்துக்கொண்டது. 2021-இல் மீண்டும் வந்த பாரிஸ்–வியன்னா நைட்ஜெட், பிரெஞ்சு அரசின் மானியம் நின்றதால் 2025 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்கக் கால அட்டவணை மாறும். அந்தத் தேதியைத் தாண்டிப் பயணம் என்றால் மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: ஃப்ராங்ஃபர்ட்டில் ரயில் மாற 8 நிமிடம்தான் இருந்தது. முதல் ரயில் தாமதம், அடுத்தது போய்விட்டது. புது டிக்கெட் வாங்கச் சொன்னால் என்ன செய்வது என்று பயந்துவிட்டோம். விதி என்ன?

முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் பயப்பட ஒன்றுமே இல்லை. முதல் ரயில் தாமதித்ததால் அடுத்தது தவறிப்போனால், போய்ச் சேர வைப்பது அவர்கள் பொறுப்பு. ஜெர்மனியின் மலிவு டிக்கெட்டுகள் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் கட்டுப்பட்டவை. ஆனால் போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு நீங்கிவிடும், வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கச் செல்லும் பயணிகள் உரிமை விதி ஒன்று இருக்கிறது. 2023 ஜூன் 7 முதல் அதன் புதிய வடிவம் நடைமுறையில் உள்ளது. ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். கடும் புயல், வெள்ளம் போன்றவற்றால் வரும் தாமதத்துக்குக் கிடைக்காது. மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், பயணமே வேண்டாம் என்று முழுப்பணத்தையும் திரும்பக் கேட்கவும் உரிமை உண்டு. கடைசி ரயிலும் போய்விட்டால் தங்குமிடம் கேளுங்கள். கேட்டால்தான் தருவார்கள், கூச்சப்படவே கூடாது.

மலிவாக இருக்கிறதே என்று இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியே வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். முதல் ரயில் தாமதித்ததற்கு இரண்டாவது ரயில்காரர் பொறுப்பாக மாட்டார். அப்படி வாங்குகிறவர்கள் நடுவில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும், ஜெர்மனியில் இன்னும் கூடுதலாக. 2024-இல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அங்கே 6 நிமிடத்துக்குள் வந்தாலே நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு, சுவிட்சர்லாந்தில் 3 நிமிடம். ரொம்பத் தாமதமாக வரும் ஜெர்மன் ரயிலைச் சுவிஸ்காரர்கள் எல்லையிலுள்ள பாசலோடு நிறுத்தி, அங்கிருந்து தங்கள் ரயிலை நேரத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். விமானம் பிடிக்கப் போகிறவர்கள் இரண்டு ரயில் முன்னதாகவே கிளம்புங்கள்.

8 நிமிட இடைவெளியைக் கணினி காட்டுகிறது என்பதற்காக அதையே எடுக்க வேண்டியதில்லை. தேடும்போதே மாறும் நேரத்தை 30 நிமிடம், 45 நிமிடம் என்று கூட்டிக் கேட்க வழியிருக்கிறது. அடுத்த ரயிலும் பல நேரம் அதே விலையில் கிடைக்கும், நடுவில் ஒரு காபியும் குடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: இத்தாலியில் டிக்கெட் கையிலிருந்தும் அபராதம் போட்டுவிட்டார்களே, இது நியாயமா?

ரீஜனல் ரயிலின் காகித டிக்கெட்டாக இருந்திருக்கும். அதில் நேரம் அச்சிட்டிருக்காது என்பதால், ஏறும் முன் பிளாட்பாரத்தில் இருக்கிற சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். கைபேசியில் வாங்கினால், கிளம்பும் முன் செக்-இன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் டிக்கெட் இல்லாததுபோலத்தான். வெளிநாட்டுக்காரர் என்று விட்டுவிட மாட்டார்கள். இயந்திரம் பழுது என்றால் ஏறியவுடன் நீங்களே பரிசோதகரைத் தேடிப்போய்ச் சொல்லிவிடுங்கள், அவர் உங்களிடம் வருவதற்கு முன்பே.

இந்த ரீஜனல் ரயில்களுக்கு முன்கூட்டி வாங்குவதில் எந்த லாபமும் இல்லை. தூரத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம், இன்று வாங்கினாலும் அதே விலை. ஃப்ளாரன்ஸிலிருந்து பீசா, போலோனியாவிலிருந்து ராவென்னா போன்ற சின்னப் பயணங்களுக்கு இவைதான் சரி.

கேள்வி: நாங்கள் நாலு பேர், பிள்ளைகளுக்கு 7, 10 வயது. சுவிட்சர்லாந்தைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. பெர்னினா எக்ஸ்பிரஸ் கட்டணமோ எட்டவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு, அதுவும் இன்னும் நல்ல வழி. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

பெர்னினா எக்ஸ்பிரஸ் என்பது பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த சுற்றுலாப் பெட்டிகள். அதற்குத் தனி ரிசர்வேஷன் கட்டணம். அதே தண்டவாளத்தில் சாதாரண ரயிலும் நாள் முழுக்கப் போய்வருகிறது. செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோ வரை உள்ளூர்க்காரர்கள் போகிற ரயில். ரிசர்வேஷன் கிடையாது. யூரெயில் பாஸும் செல்லும். பெரியவர் ஒருவரின் பாஸோடு 4 முதல் 11 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கு இலவச பாஸ் உண்டு, அதையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள்.

சாதாரண ரயிலில் ஜன்னலைத் திறக்கலாம். எக்ஸ்பிரஸில் முடியாது. மொர்த்தெராச் தாண்டி ரயில் மலைமேல் ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டேன். ஜூன் மாதம்தான், ஆனாலும் பனிக்காற்று முகத்தில் அறைந்தது. எதிர் இருக்கையில் பள்ளிப் பையோடு இருந்த சிறுமி தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த வளைவில் எந்தப் பக்கம் பனிமலை வரும் என்று கைகாட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். 2,253 மீட்டர் உயரத்தில் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையம். பக்கத்தில் பால் கலந்ததுபோல வெளுத்த ஏரி. ஆயிரம் மீட்டருக்கு எழுபது மீட்டர் என்ற சரிவில் பல்சக்கர உதவி இல்லாமல் ஏறி இறங்குகிற தடம் இது. 1910-இலிருந்து ஓடுகிறது, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். கீழே ப்ரூசியோவில் கல்பாலம் ஒன்று வட்டமாகச் சுழன்று தன் அடியிலேயே புகுந்து வெளியே வரும். ரயிலின் முன்பெட்டி பாலத்துக்கு அடியில் நுழையும்போது பிள்ளைகள் பின்பெட்டியிலிருந்து பார்க்கட்டும். திரானோவுக்குள் கார்களுக்கு நடுவே தெருவிலேயே ஓடி 429 மீட்டருக்கு இறங்கிவிடும்.

ஆல்ப் க்ரூம் நிலையத்தில் இறங்கி ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். எக்ஸ்பிரஸ்காரர்களுக்கு அங்கே சில நிமிடம்தான் கிடைக்கும், உங்களுக்கு ஒரு மணி நேரம். திரானோவிலிருந்து மிலானுக்கு இரண்டரை மணி நேரத்தில் ரீஜனல் ரயில். வழியில் கொஞ்ச தூரம் கோமோ ஏரிக்கரையோடு. இரவு இத்தாலியில் தங்கினால் சுவிஸ் ஹோட்டல் வாடகையும் இல்லை. சுவிட்சர்லாந்துக்குள் இன்னும் சுற்ற வேண்டுமென்றால், தேதியை உறுதிசெய்து முன்கூட்டியே வாங்கும் ஒரு நாள் பாஸான சேவர் டே பாஸைப் பாருங்கள். எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறோமோ அவ்வளவு மலிவு.

கேள்வி: தனியாகப் போகும் பெண் நான். ரயிலும் நிலையங்களும் பாதுகாப்பானவையா?

பகலில் எனக்கு எந்தப் பயமும் இருந்ததில்லை. கவனம் வேண்டியது இரண்டு நேரங்களில். ஒன்று, ரயில் கிளம்பக் கதவு மூடும் கணம். ஒருவன் பையையோ கைபேசியையோ பறித்துக்கொண்டு இறங்குவான், கதவு மூடிக்கொள்ளும், நாம் உள்ளே. அதனால் நிலையம் வரும்போதெல்லாம் பை கையில் இருக்கட்டும், கைபேசி கதவோரமாக நீட்டியபடி வேண்டாம். பெரிய பெட்டியை வாசல் பக்க அடுக்கில் வைக்காமல், முதுகோடு முதுகு ஒட்டிய இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் முக்கோண இடத்தில் செருகிவிட்டால் கண்ணெதிரே இருக்கும். டிக்கெட் இயந்திரத்தில் உதவ வருகிறேன் என்று வலிய வருபவரிடம் வேண்டாம் என்று உரக்கச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, இரவு பத்துக்கு மேல் புது ஊரில் போய் இறங்குவது. அந்தக் கடைசி ரயில்தான் மலிவாக இருக்கும், ஆசைப்படாதீர்கள். நிலையத்திலேயே இரவைக் கழிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பாரிஸ் உட்படப் பல ஊர்களில் நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். நைட்ஜெட்டில் பெண்களுக்கு மட்டுமான அறை கேட்டுப் பதியலாம். நான் எப்போதும் அதைத்தான் எடுக்கிறேன்.

கேள்வி: ஷெங்கன் விசா இருந்தால் ரயிலில் பாஸ்போர்ட் சோதனையே இருக்காதாமே?

இருக்கும், எடுத்துச் செல்லுங்கள். ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள், அவற்றுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை கிடையாது. ஆனால் 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனை நடத்துகிறது. போலீஸார் பெட்டிக்குள்ளேயே வந்து பாஸ்போர்ட் கேட்பார்கள். நகல் போதாது. லண்டன் ஷெங்கனில் இல்லை. யூரோஸ்டாருக்கு விமான நிலையம்போல ஏறும் முன்பே இரு நாட்டு அதிகாரிகளும் சோதிப்பார்கள், அதற்கென முன்னதாகப் போக வேண்டும், பிரிட்டனுக்கான விசாவும் தனி. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற ஷெங்கன் கணக்கு 29 நாடுகளுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: சைவ உணவுக்கு என்ன செய்வீர்கள்?

ரயிலேறும் முன் நிலையத்து சூப்பர் மார்க்கெட்தான். ரொட்டி, சீஸ், பழம், தயிர், வேகவைத்த கொண்டைக்கடலை டப்பா. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் அடைத்திருக்கும், பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் கடை மட்டும் திறந்திருக்கும். தண்ணீர் காசு கொடுத்து வாங்க வேண்டாம். சுவிஸ் ஊர்களின் நீரூற்றுகளிலும் ரோமின் தெருக்குழாய்களிலும் வருவது பெரும்பாலும் குடிநீர், பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், நிலையத்துக் கழிவறைக்குப் பல இடங்களில் ஒரு யூரோ வரை கேட்பார்கள். ரயிலில் இலவசம்.

கேள்வி: நீங்கள் போனவற்றில் எங்களைக் கட்டாயம் போகச் சொல்லும் ரயில் எது?

ரோமிலிருந்து சிசிலிக்குப் போகும் இன்டர்சிட்டி. கப்பலில் ஏறும் ரயில் இது.

இத்தாலியின் கால்விரல் நுனியில் வில்லா சான் ஜொவான்னி. அங்கே ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்து, கப்பலின் வயிற்றுக்குள் பதித்திருக்கும் தண்டவாளங்களில் ஒவ்வொரு துண்டாகத் தள்ளுகிறார்கள். நாம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறோம். வெளியே இரும்புச் சுவர், சங்கிலி உரசும் சத்தம், டீசல் வாடை. பக்கத்துத் தண்டவாளத்தில் நம் ரயிலின் இன்னொரு பாதி வந்து நிற்கிறது. பிறகு இறங்கி, குறுகலான படிகளில் ஏறி மேல்தளத்துக்குப் போகலாம். கையில் சூடான அரஞ்சினி. சோற்று உருண்டையைப் பொரித்தது, கீரை வைத்ததும் கிடைக்கும். அரை மணி நேரத்தில் மெசினா துறைமுகத்தின் தூண்மேல் மாதா சிலை தெரிய ஆரம்பிக்கும். அப்போதே கீழே இறங்கிவிடுங்கள், உங்கள் பெட்டி எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு. பிரிப்பது, கடப்பது, மறுபடி கோப்பது என எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நடுவே புட்கார்டன்–ரோட்பி கப்பலிலும் இப்படிப் பயணிகள் ரயில் ஏறிக்கொண்டிருந்தது. 2019 டிசம்பரில் நின்றுவிட்டது. மெசினா நீரிணைக்குப் பாலம் கட்டும் பேச்சு பல காலமாக நடக்கிறது. பாலம் வருவதற்கு முன் போய்விடுங்கள். இரவு ரயிலில் போனால் கப்பலேறும்போது தூங்கிக்கொண்டிருப்பீர்கள், பகல் ரயிலையே எடுங்கள். ரோமிலிருந்து பலெர்மோ போய்ச் சேரப் பகல் முழுக்க ஆகும். விமானம் ஒரு மணி நேரம்தான், தெரியும். இதற்காக ஒரு பகலைக் கொடுக்கலாம் என்று நம்பிச் சொல்கிறேன்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், மலிவு விமானம் இருக்கும்போது ரயில் எதற்கு?

விமான டிக்கெட்டின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பெட்டிக்குத் தனிக் கட்டணம், விமான நிலையம் போகும் பேருந்துக் கட்டணம், காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் சேருங்கள். பாரிஸ் பேரில் விற்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல். ஃப்ராங்ஃபர்ட் ஹான் 120 கிலோமீட்டர். ரயில் ஊர் நடுவில் இறக்கிவிடும், பெட்டிக்குப் பெரும்பாலும் காசு இல்லை. மாட்ரிட்–பார்சலோனா 621 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடக்கலாம். 2021-இலிருந்து புது நிறுவனங்கள் போட்டிக்கு வந்ததால் விலையும் இறங்கியது. பாரிஸ்–பிரஸ்ஸல்ஸ், மிலான்–ரோம் போன்ற தூரங்களுக்கும் விமானத்தை நினைத்துப் பார்க்கவே தேவையில்லை.

லக்ஸம்பர்க்கில் 2020 மார்ச் 1 முதல் நாடு முழுக்க ரயிலின் இரண்டாம் வகுப்பு, டிராம், பேருந்து எதற்கும் டிக்கெட்டே இல்லை, வெளிநாட்டுப் பயணிகளுக்கும் சேர்த்து. வழியில் ஒரு நாள் இறங்கிப் பாருங்கள்.

ரயிலை விடச் சொல்லும் இடங்களும் உண்டு. ஏதென்ஸுக்கு ரயிலிலேயே போய்ச் சேரலாம் என்று கிளம்பாதீர்கள், விமானம் ஏறுங்கள். ரிகா, வில்னியஸ், தாலின் ஊர்களுக்கிடையே இப்போது ரயிலில் போக முடியும் என்றாலும் பேருந்து வசதி அதைவிட மேல். மாட்ரிட்டுக்கும் லிஸ்பனுக்கும் நடுவே இருந்த இரவு ரயில் 2020-இல் நின்றது, திரும்ப வரவில்லை. அந்தப் பயணத்தை ரயிலில்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தால், படஹோஸிலும் என்ட்ரொங்கமென்ட்டோவிலும் இறங்கி ஏறி ஒரு பகல் முழுக்கப் போகும். அதைப் பேருந்தில் போய்விட்டு, மிச்ச நேரத்தில் லிஸ்பனின் கைஷ் டோ சோட்ரே நிலையத்திலிருந்து கஷ்காய்ஷுக்குக் கடலோரமாகப் போகும் சின்ன ரயிலில் ஏறுங்கள். போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள்.